முதல் ஆல்பத்தையும் பின்னால் வந்தவற்றையும் சேர்த்துக் கேட்பது எப்படி: டாக்கிங் ஹெட்ஸை வைத்து ஒரு வழி

பல வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவர் டாக்கிங் ஹெட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் எட்டு ஸ்டுடியோ ஆல்பங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். எல்லாப் பாட்டும் ஒரே ஃபோல்டரில், ஆங்கில அகரவரிசையில் கிடந்தன. முதலில் 1979-இல் வந்த 'ஏர்', அடுத்து 1985-இன் 'அண்ட் ஷி வாஸ்', மறுபடி 1979-இன் 'அனிமல்ஸ்', அப்புறம் 1978-இன் 'ஆர்ட்டிஸ்ட்ஸ் ஒன்லி'. இரண்டு வாரம் அப்படியே கேட்டேன். பாட்டுகள் பிடித்திருந்தன. ஆனால் இந்தக் குழு எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் பிடிபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆல்பம் வாரியாகப் பிரித்து, வருஷப்படி அடுக்கி, 1977-இன் முதல் பாட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன். அன்றைக்குத்தான் இந்தக் குழு எனக்குத் திறந்தது.

நான் திண்டுக்கல்லில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். எந்தப் பாட்டைக் கேட்டாலும் என் காது முதலில் அடியில் ஓடும் பேஸுக்குத்தான் போகும். அதனால் நான் சொல்லும் வழியில் பேஸுக்குக் கொஞ்சம் அதிக இடம் இருக்கும். நீங்கள் டிரம்ஸ்காரர் என்றால் டிரம்ஸைப் பிடித்துக்கொண்டு போகலாம், எதுவும் வாசிக்காதவர் என்றால் குரலைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஒரு குழுவின் முதல் ஆல்பத்தைப் பிந்தையவற்றோடு ஒப்பிட நினைக்கிறவருக்கு நான் சொல்வது இதுதான்: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒப்பிடாதீர்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு முதல் ஆல்பத்திலிருந்து கடைசி வரை நடந்துவிட்டு வாருங்கள். அப்புறம் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி நடங்கள்.

முதலில் வரிசை. 1977 செப்டம்பரில் 'டாக்கிங் ஹெட்ஸ்: 77', 1978-இல் 'மோர் சாங்ஸ் அபவுட் பில்டிங்ஸ் அண்ட் ஃபுட்', 1979-இல் 'ஃபியர் ஆஃப் மியூசிக்', 1980 அக்டோபரில் 'ரிமெயின் இன் லைட்'. பிறகு மூன்று வருஷ இடைவெளி. 1983-இல் 'ஸ்பீக்கிங் இன் டங்ஸ்', 1985-இல் 'லிட்டில் கிரீச்சர்ஸ்', 1986-இல் 'ட்ரூ ஸ்டோரீஸ்', 1988-இல் 'நேக்கட்'. இதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு ஆல்பங்களும் மூன்று வருஷம் சொச்சத்துக்குள் வந்தவை என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இது பின்னால் உதவும்.

கேட்கத் தொடங்குமுன் இன்னொரு எச்சரிக்கை. இப்போது போனில் கிடைக்கும் பதிப்புகளில் பெரும்பாலும் கூடுதல் பாட்டுகளை ஒட்டியிருப்பார்கள். முதல் ஆல்பம் 11 பாட்டு, சுமார் 38 நிமிடம். அது 'புல்டு அப்' என்ற பாட்டில் முடிகிறது. குழுவின் பாடகர் டேவிட் பைர்ன் மூச்சு வாங்கக் கத்திக் கத்திப் பாடுவார், பாட்டு அப்படியே ஓடிப்போய் நிற்கும். அந்த முடிவுக்குப் பிறகு 'லவ் கோஸ் டு பில்டிங் ஆன் ஃபயர்' ஓட ஆரம்பித்தால் நம் மனதில் ஆல்பத்தின் வடிவமே குலைந்துவிடும். அந்தப் பாட்டு ஆல்பத்துக்கு முன்பே, 1977-இன் தொடக்கத்தில், தனி சிங்கிளாக வந்தது. கீபோர்டும் கிட்டாரும் வாசிக்கும் ஜெர்ரி ஹாரிசன் அப்போது குழுவில் சேரவில்லை, மூன்று பேர் மட்டும் இருந்த காலம். அதைத் தனியாகக் கேட்க வேண்டும். ஆகவே அசல் ஆல்பத்தில் எத்தனை பாட்டு என்று பார்த்து, அதற்கு மேல் உள்ளவற்றை ஒதுக்கி வையுங்கள்.

இனி, ஒப்பிடும்போது எல்லோரும் உடனே கையில் எடுக்கும் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும்: முதிர்ச்சி. முதல் ஆல்பம் பச்சையாக இருக்கிறது, பிந்தையது முதிர்ந்திருக்கிறது என்று எழுதுவது மிகச் சுலபம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தத் தாளைப் பாருங்கள். '77'-க்கும் 'ரிமெயின் இன் லைட்'டுக்கும் இடையே மூன்று வருஷம் ஒரு மாதம். அவ்வளவு குறைந்த நாளில் நான்கு பேர் அத்தனை தூரம் முதிர்ந்துவிடவில்லை. வேறு ஏதோ மாறியிருக்கிறது. என்ன மாறியது என்று கண்டுபிடிக்க நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி: இந்தப் பாட்டுகள் எங்கே பிறந்தன?

'77'-இன் பாட்டுகள் மேடையில் வளர்ந்தவை. பைர்னும் டிரம்ஸ் வாசிக்கும் கிறிஸ் ஃப்ரான்ட்ஸும் பேஸ் வாசிக்கும் டினா வெய்மவுத்தும் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரத்தில் ஒரே கலைக் கல்லூரியில் இருந்தவர்கள். அங்கிருந்து நியூயார்க் வந்து மாடியறை ஒன்றில் சேர்ந்து தங்கினார்கள். 1975 ஜூனில், பவரி தெருவில் இருந்த சிபிஜிபி என்ற மதுக்கூடத்தில் ரமோன்ஸ் குழுவுக்கு முன்னால் வாசித்ததுதான் டாக்கிங் ஹெட்ஸ் என்ற பெயரில் அவர்களுடைய முதல் கச்சேரி. ஆல்பம் வந்தது அதற்கு இரண்டு வருஷத்துக்குப் பிறகு. அந்த இரண்டு வருஷமும் இந்தப் பாட்டுகள் சின்ன அறையில், நாலு அடி தள்ளி நிற்கிற ஜனங்களுக்கு முன்னால் திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டிருக்கின்றன. எது நிற்கும், எது நிற்காது, எந்த இடத்தில் கூட்டம் தலையைத் திருப்பிக்கொள்ளும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போகும்போதே பாட்டு முழுசாக இருந்தது.

'ரிமெயின் இன் லைட்' நேர் எதிர். பஹாமாஸ் தீவுகளில் நசாவில் உள்ள காம்பஸ் பாயின்ட் ஸ்டுடியோவுக்குப் போனபோது அவர்கள் கையில் எழுதி முடித்த பாட்டு இல்லை. நைஜீரியாவின் ஃபெலா குட்டியின் இசையை அவர்களும் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவும் ஆழமாகக் கேட்டிருந்தார்கள். ஒரு சின்னத் துண்டை விடாமல் வாசிப்பது, அதன் மேல் இன்னொரு துண்டு, அதன் மேல் இன்னொன்று என்று பதிவுசெய்து, பிறகு எந்த அடுக்கு ஒலிக்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்துப் பாட்டை உருவாக்கினார்கள். மெட்டும் வரிகளும் கடைசியில் வந்தன. ஆகவே '77'-ஐ இதற்கான ஒத்திகை என்று நினைத்துக் கேட்டால் இரண்டுக்குமே நியாயம் செய்யமாட்டோம். ஒன்று கூட்டத்துக்கு முன்னால் செதுக்கியது, இன்னொன்று பதிவு அறையில் நெய்தது.

இந்தக் கேள்வியை எந்தக் குழுவிடமும் கேட்கலாம். பெரும்பாலான குழுக்களுக்கு முதல் ஆல்பம் என்பது அதற்கு முந்தைய பல வருஷங்களின் சேமிப்பு. இரண்டாவதற்கு அந்தச் சேமிப்பில் மிச்சம்தான் இருக்கும்.

டாக்கிங் ஹெட்ஸின் இரண்டாவது ஆல்பம் அதனால்தான் ஒப்பிட அருமையானது. 'மோர் சாங்ஸ்' ஆல்பத்தின் பல பாட்டுகள் முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே அவர்கள் மேடையில் வாசித்தவை. அதாவது இரண்டு ஆல்பத்துக்கும் நெல் ஏறக்குறைய ஒரே வயலில் விளைந்தது. மாறியது மில். முதல் ஆல்பத்தைக் குழுவோடு சேர்ந்து தயாரித்தவர்கள் டோனி போன்ஜியோவியும் லான்ஸ் க்வின்னும், பதிவானது நியூயார்க்கில். இரண்டாவதைக் குழுவோடு சேர்ந்து தயாரித்தவர் ஈனோ, பதிவானது நசாவில். தயாரிப்பாளர் என்ன செய்கிறார் என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொல்வேன்.

இப்படிச் செய்யுங்கள். '77'-இலிருந்து 'நியூ ஃபீலிங்' போடுங்கள், முடிந்ததும் 'மோர் சாங்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டான 'தேங்க் யூ ஃபார் சென்டிங் மீ ஆன் ஏஞ்சல்' போடுங்கள். ஹெட்போனில், நடுத்தர ஒலியளவில். முதலாவதில் இரண்டு கிட்டாரும் இரண்டு பக்கமும் நின்று காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஒலிக்கும். எதிரொலி குறைவு, கிட்டார் உறுமுவதில்லை, யார் என்ன வாசிக்கிறார்கள் என்பது வெள்ளைச் சுவரில் மாட்டிய படம் போலத் தெரியும். இரண்டாவதில் டிரம்ஸ் முன்னுக்கு வந்துவிட்டது. பேஸும் டிரம்ஸும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன, குரல் அவற்றின் மேல் சவாரி செய்கிறது. அதே நாலு பேர், அதே கருவிகள். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் கேட்டுவிடலாம்.

அதே ஆல்பத்தில் 'டேக் மீ டு தி ரிவர்' இருக்கிறது. அது அவர்களுடைய பாட்டு அல்ல, ஆல் கிரீன் 1974-இல் பாடிய பாட்டு. அசலைவிட வேகத்தைக் குறைத்து வாசித்திருக்கிறார்கள். அந்த மெதுவான ஓட்டத்தில் பேஸ் ஒவ்வொரு அடியையும் அழுத்தி வைக்கிறது. முதல் ஆல்பத்தில் யாரும் இவ்வளவு பொறுமையாக வாசிக்கவில்லை. அமெரிக்காவில் இந்தக் குழுவின் பெயரைப் பலருக்குத் தெரியவைத்ததும் இந்தப் பாட்டுதான். பில்போர்டு பட்டியலில் 26-ஆம் இடம்.

சரி, இனி பேஸ். டினா வெய்மவுத் பேஸ் கற்றுக்கொண்டதே இந்தக் குழுவுக்காகத்தான். பைர்னுக்கும் ஃப்ரான்ட்ஸுக்கும் பேஸ் வாசிக்க ஆள் கிடைக்கவில்லை, அவர் எடுத்துக்கொண்டார். முதல் ஆல்பம் வரும்போது அவர் கையில் பேஸ் ஏறி ஓரிரண்டு வருஷம்தான். அந்த நிலையில் 'சைக்கோ கில்லர்' பாட்டைத் தொடங்கும் பொறுப்பு அவருக்கு. பேஸ் தனியாக வருகிறது, ஒரே ஸ்வரத்தைச் சீராகத் தட்டிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு சின்னத் திருப்பம். பேஸ் கற்கும் பிள்ளைகளுக்கு இதை ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். விரல் எளிது, சீர் கடினம். ஒரு அடி முந்தினாலும் அந்தப் பாட்டின் பயம் போய்விடும். டினா வாசிப்பில் ஒரு அடிகூட முந்துவதில்லை.

இப்போது 'ரிமெயின் இன் லைட்'டிலிருந்து 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' போட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். சில ஸ்வரங்கள், பிறகு ஒரு வெற்றிடம். மறுபடி அதே ஸ்வரங்கள், அதே வெற்றிடம். மேலே பைர்ன் வானொலிப் பிரசங்கியார் போலப் பேசுகிறார், கோரஸ் வருகிறது, கீபோர்டு தண்ணீர் போல நுரைக்கிறது. பாட்டின் பெரும்பகுதியில் பேஸ் தன் இடத்தைவிட்டு அசைவதே இல்லை. நான் இதை வீட்டில் வாசித்துப் பார்த்தபோது என்னைச் சோதித்தது அந்த வெற்றிடம்தான். எங்கள் குழுவில் வாசித்துப் பழகிய கை அந்த இடத்தில் ஏதாவது ஒரு ஸ்வரத்தைப் போட்டு நிரப்பத் துடிக்கும். போடாமல் இருப்பதற்கு ஒரு மாதம் பிடித்தது.

'சைக்கோ கில்லர்' பேஸும் எளிது, இதுவும் எளிது. ஆனால் முதலாவது பாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. அது நின்றால் பாட்டு விழும். இரண்டாவது ஒரு பெரிய சக்கரத்தில் ஒரு பல் மட்டும். டினாவின் கை மாறவில்லை, அந்தக் கைக்குக் கொடுத்த வேலை மாறியது.

இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது கார்டு மாற்றம், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு மாறுவது. '77'-இன் பாட்டுகளில் கார்டுகள் மாறிக்கொண்டே இருக்கும், சில இடங்களில் வேகமும் மாறும். 'நோ கம்பாஷன்' பாட்டில் நடையே மாறி மாறி வரும். எல்லாமே குறுகிய பாட்டுகள். ஐந்து நிமிடத்தைத் தொடும் பாட்டு ஒன்றுகூட இல்லை. 'ரிமெயின் இன் லைட்' 40 நிமிடத்தில் எட்டே பாட்டு. அதில் பெரும்பாலும் ஒரே கார்டுதான் நீடிக்கும். மாற்றம் என்பது யார் உள்ளே வருகிறார், யார் வெளியே போகிறார் என்பதில் இருக்கிறது. 'தி கிரேட் கர்வ்' போட்டு, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதை எண்ணிப் பாருங்கள். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு, எனக்கு ஒரு தடவைகூட நீளமாகத் தோன்றியதில்லை.

இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் பாலம் 'ஃபியர் ஆஃப் மியூசிக்'. அதன் முதல் பாட்டு 'ஐ ஜிம்ப்ரா'. வரிகள் டாடா என்ற ஐரோப்பியக் கலை இயக்கத்துக் கவிஞர் ஹ்யூகோ பாலின் ஒலிக்கவிதையிலிருந்து வந்தவை, எந்த மொழியிலும் அர்த்தம் இல்லாத சொற்கள். தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு வரியின் அர்த்தத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று முதல் முறையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். அடுத்த வருஷத்து ஆல்பம் முழுவதும் அந்த ஒரு பாட்டிலிருந்து கிளம்பியது என்றே எனக்குத் தோன்றுகிறது. எந்தக் குழுவின் ஆல்பங்களை ஒப்பிட்டாலும் இப்படி ஒரு பாலப் பாட்டைத் தேடுங்கள், அநேகமாக ஒன்றாவது கிடைக்கும்.

வரிகளை ஒப்பிடுவதற்கு நான் செய்வது வேறு. ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அது எந்த ஆல்பத்தில் எப்படி வருகிறது என்று தேடுவேன். இந்தக் குழுவுக்கு அந்தப் பொருள் வீடு. கட்டடம், நகரம், குடியிருப்பு என்று எட்டு ஆல்பத்திலும் அது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. ஒரு முழு மாலையை ஒதுக்கி இந்தப் பாட்டுகளை மட்டும் வரிசையாகக் கேளுங்கள்.

முதலில் '77'-இன் 'டோன்ட் வொர்ரி அபவுட் தி கவர்ன்மென்ட்'. ஒருவன் தன் கட்டடத்தைப் பற்றிப் பாடுகிறான். அதில் எல்லா வசதியும் இருக்கிறது, வாழ்க்கை சுலபமாகிவிடும், நண்பர்கள் வந்து பார்க்கலாம். அரசாங்க ஊழியர்கள் பாடுபடுகிறார்கள், அவர்களும் நமக்கு வேண்டியவர்கள் மாதிரிதான் என்கிறான். மெட்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாட்டு போல இனிமை. பங்க் இசையின் கூடாரத்தில், எல்லோரும் எல்லாவற்றையும் திட்டிக்கொண்டிருந்த வருஷத்தில், இதைப் பாட ஒரு துணிச்சல் வேண்டும். இதைக் கிண்டல் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் நூறு தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேன், பைர்ன் குரலில் ஒரு இடத்தில்கூட கண் சிமிட்டல் இல்லை. அந்த மனிதனுக்கு உண்மையாகவே தன் கட்டடம் பிடித்திருக்கிறது.

அடுத்த வருஷம், 'மோர் சாங்ஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'தி பிக் கன்ட்ரி'. விமானத்திலிருந்து ஒருவன் கீழே பார்க்கிறான். கடற்கரை, வயல், விளையாட்டு மைதானம், சாலை, கடைகள். எல்லாவற்றையும் நிதானமாக வர்ணித்துவிட்டு, பணம் கொடுத்தாலும் அங்கே வாழமாட்டேன் என்கிறான். பின்னணியில் ஸ்லைடு கிட்டார் நாட்டுப்புற வாசனையோடு இழைகிறது. போன வருஷம் கட்டடத்துக்குள் இருந்து வெளியே பார்த்தவன் இப்போது முப்பதாயிரம் அடி உயரத்தில் இருக்கிறான்.

1979-இல் 'சிட்டீஸ்'. குடியிருக்க ஒரு ஊர் தேடுகிறான். லண்டன், பர்மிங்ஹாம், எல் பாசோ, மெம்ஃபிஸ் என்று பட்டியல் நீள்கிறது. அதே ஆல்பத்தின் 'லைஃப் டியூரிங் வார்டைம்' பாட்டில் ஒருவன் ஒளிந்து ஒளிந்து வீடு மாறிக்கொண்டிருக்கிறான். அவன் சொல்லும் வரி ஒன்றில் இது சிபிஜிபி இல்லை என்று வருகிறது. தாங்கள் பிறந்து வளர்ந்த மேடையையே பெயர் சொல்லிக் கழிக்கிறார்கள். முதல் ஆல்பத்திலிருந்து எவ்வளவு விலகிவிட்டோம் என்பதை அவர்களே சொன்ன இடம் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

1980-இன் 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்'. அழகான வீடு இருக்கிறது, அழகான மனைவி இருக்கிறாள், இது என் வீடு இல்லையே என்று ஒருவன் திகைத்து நிற்கிறான். '77'-இல் எல்லா வசதியும் உள்ள கட்டடத்தைப் பற்றிப் பாடினானே, அவனுக்கே அது கிடைத்துவிட்டது போலத்தான் இருக்கிறது. இந்த இரண்டு பாட்டையும் ஒட்டிக் கேளுங்கள், நடுவில் வேறு எதுவும் வேண்டாம். முதல் தடவை இப்படிக் கேட்டபோது நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

1983-இன் 'ஸ்பீக்கிங் இன் டங்ஸ்' தொடங்குவது 'பர்னிங் டவுன் தி ஹவுஸ்', முடிவது 'திஸ் மஸ்ட் பி தி பிளேஸ்'. வீட்டைக் கொளுத்தித் தொடங்கிய ஆல்பம் வீட்டைக் கண்டடைந்து முடிகிறது. அந்தக் கடைசிப் பாட்டுக்கு 'நைவ் மெலடி' என்று ஒரு துணைத் தலைப்பும் உண்டு. குழுவினர் தங்கள் கருவிகளை மாற்றிக்கொண்டு வாசித்தார்கள், டினா அதில் கிட்டார். கைக்குப் பழகாத கருவி என்பதால் எல்லோரும் எளிமையான ஒரே துண்டைத் தொடக்கம் முதல் கடைசி வரை வாசிக்கிறார்கள். கேட்டால் முதல் ஆல்பத்தின் நேர்மை திரும்பி வந்த மாதிரி இருக்கும், ஆனால் 'ரிமெயின் இன் லைட்' கற்றுக்கொடுத்த சுழற்சி அடியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த ஒரே இடம் என்று எனக்குப் படுவதால் எட்டு ஆல்பத்திலும் எனக்கு மிகப் பிடித்த பாட்டு இதுதான்.

1985-இன் 'அண்ட் ஷி வாஸ்' பாட்டில் ஒரு பெண் தரையைவிட்டு மிதந்து மேலே போகிறாள், வீடு கீழே சின்னதாகிறது. 1988-இன் 'நத்திங் பட் ஃப்ளவர்ஸ்' பாட்டில் தொழிற்சாலை, வாகனம் நிறுத்துமிடம், பீட்சாக் கடை எல்லாம் போய் எங்கே பார்த்தாலும் பூ. பாடுகிறவன் அந்தக் கடைகளை நினைத்து ஏங்குகிறான். விருந்தாளியாக வந்து வாசித்த ஜானி மாரின் கிட்டார் அந்த ஏக்கத்தின் மேல் வெயில் மாதிரி விழுகிறது. இதை முடித்த கையோடு மறுபடி '77'-இன் கட்டடப் பாட்டுக்குப் போங்கள். இப்போது அந்த மேகங்களும் மரங்களும் வேறு மாதிரி காதில் விழும்.

இனி, ஒரே பாட்டை வெவ்வேறு வருஷத்தில் கேட்பது. முதல் ஆல்பப் பாட்டைப் பின்னாளில் மேடையில் எப்படி வாசித்தார்கள் என்று கேட்டால், ஆல்பங்கள் சொல்லாத சில விஷயங்கள் தெரியவரும். 1982-இல் வந்த 'தி நேம் ஆஃப் திஸ் பேண்ட் இஸ் டாக்கிங் ஹெட்ஸ்' இதற்கென்றே செய்த மாதிரி இரட்டை ஆல்பம். ஒரு தட்டில் 1977 முதல் 1979 வரை நாலு பேர் வாசித்தது. மற்றதில் 1980, 1981-இல் பெருத்த குழு. கிட்டாரில் ஏட்ரியன் பெலூ, கீபோர்டில் ஃபங்கடெலிக் குழுவின் பெர்னி வொரல், கூடவே இன்னொரு பேஸ், தாளக் கருவிகள், பின்பாட்டு. 'ரிமெயின் இன் லைட்' அடுக்குகளை மேடையில் வாசிக்க நாலு பேர் போதவில்லை. தட்டை மாற்றிப் போடும்போதே அறை பெரிதாகிவிட்டது தெரியும்.

அப்புறம் 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்', ஜானதன் டெம்மி இயக்கிய கச்சேரிப் படம். 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பான்டேஜஸ் அரங்கில் எடுத்தது, 1984-இல் வெளிவந்தது. பைர்ன் காலி மேடைக்குத் தனியாக வருகிறார், ஒரு டேப் ரெக்கார்டரைக் கீழே வைக்கிறார், கிட்டாரோடு 'சைக்கோ கில்லர்' பாடுகிறார். பேஸே இல்லை! பாட்டைத் தூக்கி நிறுத்திய அந்த பேஸை எடுத்துவிட்டு, இயந்திரத் தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாடுகிறார். அடுத்த பாட்டுக்கு டினா வருகிறார், அதற்கடுத்ததற்கு கிறிஸ், பிறகு ஜெர்ரி, அப்புறம் ஒவ்வொருவராக மற்றவர்கள். குழு வளர்ந்த கதையையே கண்முன் மேடையில் நடத்திக் காட்டுகிறார்கள். ஒப்பிடுவதற்கு நேரமே இல்லாதவர்கள் படத்தின் முதல் நான்கு பாட்டை மட்டுமாவது பார்க்க வேண்டும்.

உறைகளையும் படியுங்கள். பாட்டின் கீழே யார் பெயர் போட்டிருக்கிறது என்பது முக்கியம். முதல் ஆல்பத்தில் ஏறக்குறைய எல்லாமே பைர்ன் பெயரில், 'சைக்கோ கில்லர்' மட்டும் பைர்ன், ஃப்ரான்ட்ஸ், வெய்மவுத் மூவர் பெயரில். 'ரிமெயின் இன் லைட்'டில் முதலில் அச்சானது டேவிட் பைர்ன், பிரையன் ஈனோ, டாக்கிங் ஹெட்ஸ் என்று. குழுவுக்குள் மனக்கசப்பு வந்த இடம் அது. எல்லோரும் சேர்ந்து துண்டு துண்டாகப் பின்னிய இசைக்கு யாரை ஆசிரியர் என்பது? செய்முறை மாறியபோது பெயர் போடுகிற கேள்வியும் மாறிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு 1985-இன் 'லிட்டில் கிரீச்சர்ஸ்' கேட்டால், பைர்ன் மறுபடி முழுப் பாட்டாக எழுதிக் கொண்டுவந்திருப்பது காதில் விழும். குறுகிய பாட்டுகள், தெளிவான மெட்டு. அமெரிக்காவில் 20 லட்சத்துக்கு மேல் விற்றது.

விற்பனை எண்களுக்கு இதற்கு மேல் இடம் கொடுக்க வேண்டாம். அமெரிக்கப் பட்டியலில் '77' 97-ஆம் இடம், 'ரிமெயின் இன் லைட்' 19, 'ஸ்பீக்கிங் இன் டங்ஸ்' 15. எத்தனை பேர் வாங்கினார்கள் என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

'ட்ரூ ஸ்டோரீஸ்' எனக்கு ஒட்டவில்லை. பைர்ன் இயக்கிய படத்தில் வெவ்வேறு பாத்திரங்கள் பாட வேண்டிய பாட்டுகளை ஆல்பத்தில் அவரே பாடுகிறார், அந்த முகங்கள் இல்லாமல் பாட்டுகள் தனியாக நிற்கின்றன. இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு தன் பெயரை எடுத்தது இதன் பாட்டு ஒன்றிலிருந்து என்பதற்காக ஒரு தடவை கேளுங்கள். 'நேக்கட்' பாரிஸில் ஆப்பிரிக்க, கரீபிய இசைக்கலைஞர்கள் பலரோடு பதிவானது. முதல் பாதி திருவிழா போல, இரண்டாவது பாதி இருண்டு கனமாக இருக்கும். அதே வருஷம் பைர்ன் லுவாகா பாப் என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கினார். கன்னடத் திரைப்படங்களுக்கு விஜய ஆனந்த் இசையமைத்த பாட்டுகளை 1992-இல் அந்த நிறுவனம் ஒரு தொகுப்பாக வெளியிட்டது. நம் பக்கத்து மாநிலத்துப் பாட்டு அவர் காது வரை போயிருக்கிறது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால், அவசரமில்லாமல் மூன்று வாரம். முதல் வாரம் எட்டு ஆல்பமும் வரிசையாக, நாளுக்கு ஒன்று, கடைசி நாள் மட்டும் இரண்டு, அதிகம் குறிக்காமல். இரண்டாவது வாரம் நீங்கள் தேர்ந்தெடுத்த கருவியோ குரலோ ஒன்றை மட்டும் பின்தொடர்ந்து. மூன்றாவது வாரம் வரிகளில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரிக்கு மேல் எழுதாதீர்கள். காதில் விழுந்ததை எழுதுங்கள், நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை அப்போது எழுத வேண்டாம். என் நோட்டில் '77'-இன் முதல் பாட்டான 'அ-ஓ, லவ் கம்ஸ் டு டவுன்' எதிரே முதல் வாரத்தில் "நடுவில் ஸ்டீல் டிரம்" என்று மட்டும் இருக்கிறது. கரீபியத் தீவுகளின் கருவி அது. மூன்றாவது வாரம் 'நேக்கட்' முடித்துவிட்டு நோட்டைப் புரட்டியபோதுதான் அந்த வரியில் கண் நின்றது. பஹாமாஸுக்குப் போவதற்கு முன்பே, பாரிஸுக்குப் போவதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே, முதல் ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே அது இருந்திருக்கிறது. பேனாவை எடுத்து அதன் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு, அந்தப் பாட்டை மறுபடி முதலிலிருந்து வைத்தேன்.